தரை காய்ந்த சேதி

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு முழங்கால்தான் பாதம். காலையில் ஊன்றினால் பொழுது சாய்கிறவரை அதன்மேல்தான் நடமாட்டம். பகலெல்லாம் யார் யார் வீட்டுக் குளியலறையிலோ தவழ்ந்துவிட்டு, கொஞ்ச நாளாகச் சாயங்காலங்களில் தன் வீட்டிலும் வந்து தவழ்ந்துகொண்டிருந்தான். இன்றைக்கு லீவு போட்டு உட்கார்ந்ததில் அறை முடிந்துவிட்டது. கடைசி டைலை ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான், முழங்கால் சம்மதிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே ஊர்ந்து வந்து, அப்புறம்தான் நிமிர முடிந்தது.

ஊரார் வீட்டுத் தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்க வைத்தவன் வீட்டில் இத்தனை வருஷமும் சிமெண்டுத் தரைதான். அதுவும் பெயர்ந்து, குழி குழியாக. பெண்டாட்டி சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். குழந்தைகள் நல அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தபோது, "எல்லாம் சரியா இருக்கு. இந்த ரூம் தரையை மட்டும் பார்த்துக்கங்க, குழந்தை கால்ல குத்தும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மறுநாளே கரணையை எடுத்துவிட்டான்.

"நான் சொன்னப்ப காதுல சிமெண்ட் அடைச்சிருந்துதா?" என்றாள் பெண்டாட்டி.

"உன் கால் தாங்கும்னு விட்டுட்டேன்."

டைல் எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. வேலை செய்த இடங்களில் மிஞ்சியதையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வெள்ளை, பாங்க் சாம்பல், எவனோ பணக்காரன் குளியலறையின் நீலம், பள்ளிக்கூடத்துச் செங்கல் நிறம். எல்லாவற்றையும் அளவுக்கு வெட்டி ஒட்டியதில் அறை ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருந்தது. ஆனால் மட்டம் மட்டம்தான். ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

அந்த அறை மகனுடையது. அவன் வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, தூரத்தில் குடியேறிவிட்டான். அதில் ஒரு குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்கிற யோசனை பெண்டாட்டியுடையது. அவள் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவள். ஒரு நாள் ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"தத்து எடுக்கிறது இல்லீங்க. பெத்தவங்களுக்குக் கொஞ்ச நாள் முடியாமப் போயிடும். அவங்க எழுந்து நிக்கிற வரைக்கும் புள்ளையை நாம வச்சுப் பார்த்துக்கணும். அப்புறம் அனுப்பிடணும்."

"அனுப்புறதுக்கா வளர்க்கிறது?"

"உங்க புள்ள மட்டும் இங்கேயேவா உக்காந்திருக்கான்?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். பெரியம்மா வீட்டில் ஒண்டி வளர்ந்தவள் அவள். பசித்தால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், கேட்டால் ஒரு பார்வை வரும். இந்த வீட்டில் யார் எதைச் சாப்பிட்டாலும் ஏன் எடுத்தாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்கான பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேரும் போனார்கள். அங்கே திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: முதல் நாள் குழந்தையிடம் தணிந்த குரலில் பேசுங்கள். இவர்களுக்கு அது பெரும்பாடு. அவள் தொண்டை பம்பு சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. அவன் தொண்டை கட்டர் மிஷின் சத்தத்துக்கு மேலே. ராத்திரி சாப்பிடும்போது இருவரும் தணிந்த குரலில் பழகிப் பார்த்தார்கள். "உப்பு வேணுமா?" என்று அவள் கிசுகிசுக்க, "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" என்று அவன் கிசுகிசுக்க, சிரித்துப் புரையேறியதுதான் மிச்சம்.

அதிகாரி சொன்ன கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. தரை காய அது போதும் என்று கணக்குப் போட்டிருந்தான். கை கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது.

"மன்னிச்சுக்கங்க, இன்னைக்கே கொண்டுவர வேண்டியதாப் போச்சு. வேற இடம் இல்லை" என்றார் அதிகாரி. கூட ஒரு பெண், ஏழெட்டு வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. "இவளோட அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. தேற நாளாகும்." பிறகு குரலைத் தாழ்த்தி அவனிடம் மட்டும் சொன்னார்: "ரெண்டு வீட்டுல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. சொன்ன பேச்சு கேக்கலையாம். கொஞ்சம் பொறுத்துப் போங்க."

அவன் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கலர் கலராகத் தரை தெரிந்த அறைப் பக்கம் நேராக ஓடினாள். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டி அந்தரத்தில் இருந்தது.

"மிதிக்காதே! ஏய்! மிதிக்காதே!"

கட்டர் மிஷினுக்கு மேலே பேசுகிற தொண்டை அது. அதிகாரியின் கைப்பை தோளிலிருந்து நழுவியது. தெருவில் போன சைக்கிள்காரர் பிரேக் போட்டார். அந்தப் பெண் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றாள். பிறகு அதை மெள்ளப் பின்னால் எடுத்து, மற்றக் காலோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"ஈரம்... இப்பத்தான் ஒட்டினது" என்றான் அவன், கிசுகிசுவென்று. அதற்குள் காலம் கடந்திருந்தது.

அன்று அவள் கூடத்தில் பெண்டாட்டி பக்கத்தில் படுத்தாள். மறுநாள் அவன் டைல் இடுக்குகளுக்கெல்லாம் பொடி குழைத்து அடைத்தான். கட்டிலை ஒரு மூலையில் போட்டு, இடுக்குப் பொடி கலையாமலிருக்கக் கதவிலிருந்து கட்டில்வரை சாரப்பலகை ஒன்றை நீளவாக்கில் வைத்தான். எதிர்ச்சுவரில் அலமாரி. அதற்குள் பெண்டாட்டி வாங்கி மடித்து வைத்த புதுத் துணிகள். ஜன்னலடியில் ஒரு தட்டில் பொம்மை, கலர் பென்சில், பந்து. எல்லாம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பலகையை மறந்தும் போனான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் மிதிக்காதே என்று கத்தாத வீடு கிடையாது. மிதிக்காத ஆளும் கிடையாது. வீட்டுக்காரர் மிதிப்பார், என்ன அழகாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே மிதிப்பார். மிதிக்காதே என்று எழுதி மாட்டிய பலகையை நேராக்கி வைப்பதற்காக ஒரு இன்ஜினியர் தரையின் நடுவரைக்கும் போய்விட்டு வந்தார். காய்ந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று யாருக்கும் சொல்லவேண்டிய அவசியம் அவனுக்கு இதுவரை வந்ததே இல்லை.

நாட்கள் போயின. பெண் சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் போனாள். கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதினாள். கேட்டதற்குத் தலையாட்டினாள். ஆனால் அறைக்குள் போனால் பலகைமேல் அடிமேல் அடி வைத்து நடந்து கட்டிலில் ஏறிக்கொள்வாள், அதிலேயே இருப்பாள். பொம்மை தட்டிலேயே கிடந்தது. அலமாரியைத் திறக்கவில்லை. துணிப்பையில் கொண்டுவந்த இரண்டு சட்டைகளையே மாற்றி மாற்றிப் போட்டாள். பெண்டாட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போடுவதற்குள் மற்றது அழுக்காகிவிடும்.

"எறும்பு மாதிரி அந்தப் பலகை ஓரமாவே போறா பாரு" என்று சிரித்தான் அவன். அவளுக்கு எறும்பு என்றே பெயரும் வைத்துவிட்டான். ஏதோ விளையாட்டு என்று அவன் எண்ணம்.

பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டுவதற்காக ஒரு நாள் அவள் பலகையைத் தூக்கப் போனபோது, பெண் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினாள். போட்டது போட்டபடி பலகையை வைத்துவிட்டு வெளியே வந்தவள், அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவளுக்கு நம்மளைப் புடிக்கலை."

"யார் சொன்னா?"

"சொல்லணுமா? நான் வாங்கின துணியைத் தொடலை. பொம்மையைத் தொடலை. இன்னைக்கோ நாளைக்கோ கிளம்பப் போறவ மாதிரி அந்தப் பையைத் தலைமாட்டுலேயே வச்சிருக்கா. நான் பெரியம்மா வீட்டுல அப்படித்தான் வச்சிருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அதிகாரி வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க? புள்ளை ஒட்டலைன்னு விடுதிக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. மூணாவது வீடும் போச்சுன்னா அப்புறம் வீடே தர மாட்டாங்களாம், விடுதிதானாம். போன்ல அவங்களே சொன்னாங்க."

மறுநாள் வேலையிடத்தில் அவனுக்குக் கை ஓடவில்லை. வெட்டிய டைல் விரலளவு குறைந்தது. ஏணிமேல் நின்று சுவரடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் கீழே பார்த்தான்.

"என்னண்ணே, கோணலா வெட்டுற? கண்ணு மங்கிடுச்சா, இல்ல வீட்டுல அண்ணி மங்கிட்டாங்களா?"

"வாயை மூடிட்டு உன் சுவரைப் பாருடா. மூணு கை அடிச்சும் திட்டுத்திட்டா இருக்கு."

"அந்தப் பொண்ணா?"

அவன் கோணல் டைலை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தான். பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கி வந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டான். "எங்க அக்கா பொண்ணு எங்க வீட்டுல கொஞ்ச நாள் இருந்தா. ஒரு மாசம் வாயே திறக்கலை. அப்புறம் திறந்தா பாரு, இன்னிக்கு வரைக்கும் மூடலை. விடுண்ணே."

ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் அவ்வளவு நாள் அதிகாரி காத்திருக்க வேண்டுமே.

அதிகாரி வருகிற நாள் வந்தது. பெண்டாட்டி டிப்போவில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். கூட்டினதையே கூட்டினாள். அவன் சவரம் செய்துகொண்டதில் தாடையில் இரண்டு வெட்டு. பெண் அதே பழைய சட்டையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை.

அதிகாரி அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. கணவனும் மனைவியும் கூடத்தில், தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அதிகாரி என்னென்னவோ கேட்டார். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, யாராவது அடித்தார்களா. எல்லாவற்றுக்கும் தலையசைப்புதான் என்று தெரிந்தது, சத்தமே இல்லை.

"இந்தப் புதுத் துணி ஏன் போடலை? அத்தை வாங்கினது புடிக்கலையா?"

சத்தமில்லை.

"பொம்மை இருக்கே, அதை எடுத்து விளையாடலாமே?"

சத்தமில்லை.

பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரிலேயே கிடந்து ஊறிய கை அது, எப்போதும் குளிர்ந்திருக்கும். இன்றைக்கு ஐஸ் மாதிரி இருந்தது.

"சரிம்மா" என்றார் அதிகாரி. "உனக்கு இங்க இருக்க விருப்பம் இல்லைன்னா பயப்படாம சொல்லு. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. போயிடலாமா?"

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. சின்னக் குரல், ஆனால் திணறல் இல்லை.

"நான் மிதிக்கலையே! ஒரு தடவை கூட மிதிக்கலை. அப்புறம் ஏன் அனுப்புறீங்க?"

அதிகாரிக்கு விளங்கவில்லை. "எதை மிதிக்கலை?"

"தரையை. மாமா மிதிக்காதேன்னு சொன்னாரு. நான் பலகையில மட்டும்தான் நடந்தேன். நீங்க வேணா கேட்டுப் பாருங்க. தூக்கத்துல பாத்ரூம் போறப்ப கூட மிதிக்கலை."

கூடத்தில் அவன் எழுந்து நின்றான். எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. முழங்காலும் வாய் திறக்கவில்லை.

"அத்தை நடக்கிறாங்களே, பார்த்தியா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அதிகாரி.

"அது அவங்க வீடு" என்றாள் பெண்.

பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. பொம்மை அந்தப் பக்கம், துணி அந்தப் பக்கம், ஜன்னல் அந்தப் பக்கம். நடுவில் இவன் ஒட்டிய தரை. இத்தனை நாளும் அந்தப் பெண் கட்டிலிலிருந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அவன் அறைக்குள் போனான். பெண் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் சாரப்பலகையின் ஒரு முனையைத் தூக்கினான். அவள் உடம்பு விறைப்பதைப் பார்த்து, உடனே கீழே வைத்தான். முழங்காலிட்டு உட்கார்ந்தான். இந்த உலகத்தில் அவனுக்கு நன்றாக உட்காரத் தெரிந்த விதம் அதுதான்.

"காஞ்சிடுச்சும்மா" என்றான். தணிந்த குரல் தானாகவே வந்தது. "அது காஞ்சு ரொம்ப நாளாச்சு. ரெண்டு நாள் ஈரத்துக்குத்தான் மிதிக்காதேன்னது. யார் வீட்டுலயும் அவ்வளவுதான். இந்தா பாரு." விரல் முட்டியால் ஒரு டைலைத் தட்டினான். டக்கென்று கெட்டியாகக் கேட்டது. "ஈரமா இருந்தா இப்படிச் சத்தம் வராது. நீயே தட்டிப் பாரு."

அவள் அவனைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், வாசலில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தாள். கட்டிலில் குப்புறப் படுத்து, கையை மட்டும் கீழே நீட்டி, ஒரு நீல டைலைத் தட்டினாள். டக். பக்கத்துச் சாம்பலைத் தட்டினாள். டக்.

"எல்லாமே காஞ்சிடுச்சா?"

"எல்லாமே."

"ஜன்னல்கிட்ட?"

"ஜன்னல்கிட்டயும்தான்."

ஒரு பாதம் இறங்கியது. கட்டைவிரல் முதலில், அப்புறம் மற்ற விரல்கள், அப்புறம் குதிகால். யாரும் கத்தவில்லை. இரண்டாவது பாதமும் இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு ஒரே ஓட்டமாக ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துவிட்டு அங்கிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து கதவுக்கு, மறுபடி ஜன்னலுக்கு. பாதம் டைலில் சப்பு சப்பென்று அறைந்தது. அவன் வாழ்நாளில் ஒட்டிய தரை எதுவும் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

"எம்மாடி!" என்றாள் பெண்டாட்டி. முட்டுக்கொடுத்திருந்த கட்டையை உருவிவிட்ட மாதிரி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டிப்போக் குரல் திரும்பி வந்துவிட்டது. "உங்க வாயில கொள்ளிக்கட்டையை வைக்க! கத்தத் தெரிஞ்ச மனுஷனுக்குக் காஞ்சிடுச்சுன்னு சொல்லத் தெரியாதா? புள்ளை இத்தனை நாள் பரண்ல ஏறின பூனை மாதிரி உக்காந்திருக்கு! நான் என்னென்னவோ நினைச்சு..."

"நீதான் தினமும் கூட்டினே. நீ சொல்லியிருக்கலாமே?"

"ஆமா, தொடப்பத்தைப் பார்த்துக் காஞ்சிடுச்சு காஞ்சிடுச்சுன்னு பாடிக்கிட்டே கூட்டணும்!"

அலமாரிக் கதவைப் பிடித்தபடி பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தச் சண்டையில் யாரும் யாரையும் எங்கேயும் அனுப்பப்போவதில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. உதட்டோரம் லேசாக இழுத்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொன்ன பேச்சு கேக்காத பொண்ணுன்னு சொன்னாங்க" என்றார் அவனிடம்.

"மேடம், நான் சொல்லி இதுவரைக்கும் மிதிக்காம இருந்த ஒரே ஆள் இவதான்."

அதிகாரி சிரித்துவிட்டார். அவள் இங்கேயே இருக்கட்டும், அம்மா தேறி வருகிறவரை இருக்கட்டும் என்றார். போகும்போது ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தையும் சொன்னார். பெண்டாட்டி கார்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, பெருமூச்சு ஒன்று விட்டாள். அதில் பத்து பஸ்ஸின் டயருக்குக் காற்று அடிக்கலாம்.

அவன் சாரப்பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்கு அடியில் போட்டான். உடம்பு முழுக்க லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, முழங்காலைத் தவிர.

சாப்பாட்டுக்கு முன்னால் பெண்டாட்டி அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டு முட்டைக் கரண்டியை நீட்டிப் பேசினாள். "அன்னைக்குக் கத்தினதுக்கு அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை மன்னிச்சுக்கன்னு கேளுங்க. நான் இந்த முட்டையைத் திருப்பிப் போடுறதுக்குள்ள கேட்டுட்டு வரணும்."

அவன் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. தப்பாக ஒட்டினால் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டுவான், ராத்திரியானாலும் ஒட்டுவான், வாயால் சொன்னதில்லை. கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கும் அந்தப் பழக்கம் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. போய் அறை வாசலில் நின்றான். பெண் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தரையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோலிக்குண்டு மாதிரி ஒரு பென்சிலை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு" என்றான். "அன்னைக்கு நீ வந்தப்ப... நான் வந்து..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"...அந்த நீல டைல் இருக்கு பாரு, அது ஒரு பெரிய பணக்காரன் வீட்டுக் குளியலறையில ஒட்டினதுல மிஞ்சினது."

"குளிக்கிற இடமா?"

"ஆமா. நம்ம வீட்டு அளவு இருக்கும்."

"அப்போ இந்தச் செங்கல் கலரு?"

"அது பள்ளிக்கூடம்."

ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் சொன்னான். முட்டை கருகுகிற வாசனை வந்தது. அடுப்படியிலிருந்து, "கேட்டாச்சா?" என்று டிப்போக் குரல் கேட்டது. "பேசிட்டிருக்கோம்!" என்று கட்டர் குரல் பதில் சொன்னது. பெண் இந்தத் தடவை திடுக்கிடவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்து கருகின முட்டையைச் சாப்பிட்டார்கள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவது பற்றிப் பேசினார்கள். அவன் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவன் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறான், இன்னும் கொடுத்தபாடில்லை.